முப்பத்தெட்டாவது ரூபாய்

பத்து ரூபாய் நோட்டை நீட்டி ஒரு ரூபாய்க்குக் கொத்தமல்லி கேட்கிற மனிதரை மைசூர் வித்யாரண்யபுரத்துக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஊரில் சில்லறைத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. ஐம்பது பைசாவுக்குப் பதில் மிட்டாயைக் கையில் வைத்து அனுப்புவார்கள். செந்தில்நாதனிடம் அது நடக்காது. "மிட்டாய் பேட, காசு கொடி" என்று கன்னடத்தில் மிட்டாயை மறுத்துவிட்டு, கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டே இருப்பார். ஒன்பது ஒற்றை ரூபாய்களும் கைக்கு வந்ததும் வெளிச்சத்துக்குத் திரும்பி ஒவ்வொன்றையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். கள்ளக்காசோ என்று சந்தேகப்படுகிறார் போல என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அசோகபுரம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவர் ஸ்டோர்ஸ் கிளார்க். ஈரோட்டிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர் அவருடைய அப்பா. இவர் பிறந்ததே மைசூரில்தான். பதவி உயர்வுப் பரீட்சையை மூன்று தடவை எழுதிவிட்டு விட்டுவிட்டார். சொந்த வீடு என்ற பேச்சு நிலம் பார்ப்பதோடு நின்றது. யாரையும் அதற்காகக் குறை சொன்னதில்லை. நாற்பத்தாறு வயதில் அவரிடம் தனக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒரு மரப்பலகை.

பலகையில் முப்பத்தெட்டுக் குழிகள். மண்டி மொஹல்லா தச்சரிடம் சொல்லிச் செய்தது. எழுபத்தைந்திலிருந்து தொண்ணூற்றொன்று வரை வந்த பழைய பெரிய ரூபாய் நாணயங்களில், வருஷத்துக்கு வருஷம், நாணயச்சாலைக்கு நாணயச்சாலை வேறுபடுகிறவற்றை ஒரு நூலகப் புத்தகத்தைப் பார்த்துப் பட்டியல் எழுதிவைத்திருந்தார். பம்பாயில் அடித்ததற்கு ஆண்டுக்குக் கீழே சின்ன வைரக்கட்டம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், கல்கத்தாவுக்கு ஒன்றும் இல்லை. எண்பத்தைந்தாம் வருஷம் மட்டும் வெளிநாட்டிலும் அடித்து வரவழைத்தார்கள். அதில் ஒரு வகைக்கு ஆண்டுக்குக் கீழே எச் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அவர் பட்டியலில் முப்பத்தெட்டு வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. காசு கொடுத்து நாணயம் வாங்கக் கூடாது. யாரும் சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது. மீதிச் சில்லறையாகக் கைக்கு வர வேண்டும். "காசு குடுத்தா எவன் வேணா சேர்ப்பான்" என்பார். எண்பத்தாறில் தொடங்கி எட்டு வருஷத்தில் முப்பத்துமூன்று குழிகள் நிரம்பியிருந்தன. பால் பூத்தில், ரேஷன் கடையில், கோயில் தட்டில் நோட்டைப் போட்டு மாற்றி என்று வந்தவை. அவருடைய மனைவி ரூபா மட்டும் தலையில் அடித்துக்கொள்வாள். "காசு மாத்தறதுக்காகவே கொத்தமல்லி வாங்கறீங்க. ஃப்ரிட்ஜ் பூரா கொத்தமல்லி."

தொண்ணூற்று நான்கு ஜனவரியில் பக்கத்து வீட்டுக்கு நஞ்சுண்டசாமி குடிவந்தார். வரிசை வீடுகள், நடுவில் ஒற்றைச் சுவர். நஞ்சுண்டசாமி டவுன் பஸ் கண்டக்டர். பஸ் நிலையத்திலிருந்து சாமுண்டி மலைக்குப் போகிற வண்டி. சொந்த ஊர் ஹனூர் பக்கம், அம்மா மார்டள்ளித் தமிழச்சி. அதனால் கன்னடத்தைப் போலவே தமிழும் பேசுவார். மனைவி கௌரம்மா, ஏழாவது படிக்கிற மகள் ஹம்ஸா. நஞ்சுண்டசாமி சிரித்தால் நான்கு வீட்டுக்குக் கேட்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே காபி குடிக்க வந்தவர் பலகையைப் பார்த்துவிட்டார்.

"இது என்னங்ண்ணா, பல்லாங்குழியாட்ட இருக்குது?"

செந்தில்நாதன் எடுத்துச் சொன்னார். அவ்வளவு ஆர்வமாக அதுவரை யாரும் கேட்டதில்லை. பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து நட்சத்திரத்தைக் காட்டினார், வைரக்கட்டத்தைக் காட்டினார். போகும்போது பட்டியலின் கார்பன் பிரதி ஒன்றையும் கொடுத்து அனுப்பினார். மலைக்குப் போகும் பஸ்; எந்தெந்த ஊர்க் காசெல்லாமோ அதில் வந்து விழும்; ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏறிப் பத்து ரூபாயை நீட்டினால் நல்ல சில்லறை கிடைக்கும் என்பது அவர் போட்ட கணக்கு.

பத்து நாள் கழித்து, வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஹம்ஸா கூவுகிற சத்தம் கேட்டது. "அப்பா! ஸ்டார்! ஸ்டார் இதே!" நட்சத்திரம் இருக்கிறதாம்.

செருப்பு ஒன்று காலிலும் ஒன்று கையிலுமாக நின்றுவிட்டார்.

நஞ்சுண்டசாமியும் சேர்க்க ஆரம்பித்திருந்தார். ஒரு பழைய காலண்டர் அட்டையில் ஹம்ஸா வட்டம் வட்டமாக வரைந்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் கொடுத்திருந்தாள். பையில் பட்டியலில் உள்ள நாணயம் விழுந்தால், தன் சொந்த ரூபாயைப் பையில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். சாயங்காலம் ஹம்ஸா ஸ்கூலிலிருந்து வந்த பிறகு அப்பாவும் மகளும் உட்கார்ந்து சரிபார்ப்பார்கள். புதிதாக ஒன்று இருந்தால் ஹம்ஸா கூவுவாள்.

செந்தில்நாதனின் சாயங்காலங்கள் அதற்குப் பிறகு வேறாகிவிட்டன. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதே காது சுவரில் இருக்கும். கூவல் இல்லாத நாள் நல்ல நாள். கூவல் கேட்ட நாளில் காபி இறங்காது. அவர் ஒரு நாளைக்கு இருபது நாணயம் பார்த்தால் அதிகம். அந்த மனிதருக்கு ஒரு ட்ரிப்புக்கு நூறு. எட்டு வருஷம் கல்லாக் கல்லாவாக நின்று, பைத்தியக்காரன் என்று பெயர் வாங்கிச் சேர்த்ததை, தோளில் பையை மாட்டிக்கொண்டு விசில் ஊதுகிற ஒருவர் எட்டு மாதத்தில் எட்டிப் பிடிக்கிறார். அதுவும் தானே கையால் எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு.

"அது கவர்மெண்ட் காசு இல்லியா? அதுலேந்து எடுக்கறது சேகரிப்பா?" என்று ஒருநாள் ரூபாவிடம் கேட்டார்.

"ஒரு ரூபா போட்டுத்தானே ஒரு ரூபா எடுக்கறாரு. நீங்க கடையில பண்றதும் அதுதானே?"

 கவர்மெண்ட் காசு என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. உள்ளே எரிந்தது வேறு. நஞ்சுண்டசாமி கஷ்டப்படவில்லை என்பதுதான் எரிந்தது. காசு ஒட்டிவைத்த அட்டையைக் காபி டம்ளருக்கு மூடியாக வைப்பார். ஒருநாள் ஹம்ஸா வட்டத்தைத் தவறாக வரைந்துவிட்டாள் என்று ஒரே வருஷத்து இரண்டு காசுகளை ஒரே பிளாஸ்டிக்குக்குள் திணித்துவைத்திருந்தார். செந்தில்நாதன் தன்னுடையதை மெத்தென்ற துணியால் துடைத்து வைக்கிறவர். அக்கறை தன்னிடம், அதிர்ஷ்டம் அங்கே என்று நினைக்க நினைக்க மனசு பொசுங்கியது. ஞாயிறு தவறாமல் மலை பஸ்ஸில் ஏறினார். பக்தியால் அல்ல. நஞ்சுண்டசாமி எண்ணித் தருகிற மீதிக் காசில் அவர் ஏற்கெனவே பொறுக்கி எடுத்தது போக மிச்சம்தான் தனக்கு வருகிறது என்று தெரிந்தும் ஏறினார்.

அந்த வருஷம் தசராவில் பத்து நாளும் பஸ் பிதுங்கி வழிந்தது. விஜயதசமிக்கு மறுநாள் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ஹம்ஸா கூவவில்லை, கத்தினாள். கௌரம்மாவும் சேர்ந்து சிரித்தாள். ஐந்து நிமிஷத்தில் நஞ்சுண்டசாமி கைக்குட்டையோடு வாசலில் நின்றார்.

"அண்ணா, கையை நீட்டுங்க."

உள்ளங்கையில் வைத்தார். எண்பத்தைந்து. கீழே எச். செந்தில்நாதன் எட்டு வருஷமாகப் படத்தில் மட்டும் பார்த்தது. விளிம்பில் ஒரு கீறல், மற்றபடி புதிதுபோல் இருந்தது. கை மூடிக்கொள்ளப் பார்த்தது. திறந்தே வைத்துக்கொள்ள அவர் பாடுபட்டார்.

"நல்லாருக்கு" என்றார். "ரொம்ப நல்லாருக்கு."

"யாரோ பீஜாப்பூர் பக்கத்து ஆளுங்க. பத்துப் பேர் டிக்கெட்டுக்கு முழுக்கச் சில்லறையாக் கொட்டினாங்க. திட்டிக்கிட்டே எண்ணினேன், பாத்தா இது!"

அன்று ராத்திரி ரூபா சாப்பிடக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

தொண்ணூற்றைந்து பிப்ரவரிக்குள் இரண்டு பேரிடமும் முப்பத்தேழு சேர்ந்துவிட்டது. செந்தில்நாதனுக்கு அந்த எச் மட்டும் பாக்கி. நஞ்சுண்டசாமிக்குப் பாக்கி எழுபத்தெட்டாம் வருஷத்துக் கல்கத்தா ரூபாய். அவர் ஒருநாள் வந்து கேட்டார்.

"உங்ககிட்ட எக்ஸ்ட்ரா இருந்தா குடுங்ண்ணா. எனக்கு உங்களாட்டம் சட்டமெல்லாம் இல்ல. ஹம்ஸா தினம் அந்த ஒரு வட்டத்தையே பாத்துக்கிட்டிருக்குது."

செந்தில்நாதனிடம் இரண்டு இருந்தன. முதலில் கிடைத்தது தேய்ந்தது. பிறகு நல்லதாக ஒன்று கிடைக்க, தேய்ந்ததை அலமாரியில் ஒரு விக்ஸ் டப்பாவில் போட்டுவைத்திருந்தார்.

"இல்லியே நஞ்சுண்டசாமி" என்றார். "ஒண்ணுதான் இருக்கு."

சொல்வதற்கு முன் யோசிக்கக்கூட இல்லை. சொன்ன பிறகு, தன் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து ரூபா சொன்னாள்: "பாத்திரம் திருப்பிக் குடுக்க ஹம்ஸா வந்தா. எழுபத்தெட்டு கிடைக்கலேன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா. எங்க வீட்டு விக்ஸ் டப்பாவுல இன்னொண்ணு இருக்கு, அப்பாவைக் கேட்டு வாங்கிக்கச் சொல்லுன்னேன்."

"யாரு உன்னைச் சொல்லச் சொன்னது?"

அவர் குரல் உயர்ந்ததைப் பார்த்து ரூபா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஏங்க? இல்லேன்னு சொல்லிட்டீங்களா?"

அவர் எழுந்து போய்விட்டார்.

நஞ்சுண்டசாமி வருவார், கேட்பார் என்று காத்திருந்தார். என்ன சொல்லலாம் என்று இரண்டு மூன்று பதில்கள் தயார் செய்தும் வைத்தார். நஞ்சுண்டசாமி கேட்கவே இல்லை. மறுநாள் காலையில் குழாயடியில் பார்த்து வழக்கம்போல "நமஸ்காரங்ண்ணா" என்றார். அந்த நமஸ்காரத்தில் ஒரு குத்தலாவது இருக்கும் என்று தேடினார், இல்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். இப்போது கோபப்படவும் வழியில்லாமல், முகத்தைப் பார்க்கவும் முடியாமல், காலையில் சீக்கிரமே கிளம்பிப் போக ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டார்.

மூன்று ஞாயிறு அப்படிப் போன பிறகு, ஒரு சனிக்கிழமை தேவராஜ மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனவர், வெளியே நடைபாதையில் பழைய நாணயங்களும் மூக்குக் கண்ணாடிகளும் பரப்பி உட்கார்ந்திருந்த ஒருவர் முன்னால் நின்றார். வழக்கமாக அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார். அன்று குனிந்தார். ஒரு பிளாஸ்டிக் உறையில் எண்பத்தைந்து, எச். இருபது ரூபாய் என்றார் வியாபாரி. பேரம் பேசாமல் கொடுத்தார். நஞ்சுண்டசாமியின் அட்டைக்கு முன்னால் தன் பலகை நிரம்ப வேண்டும். அவ்வளவுதான் அப்போது மனசில் இருந்தது. சட்டம் ஞாபகம் வந்தது. வந்த வேகத்திலேயே அதைத் தள்ளிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கடைசிக் குழியில் வைத்தார். ரூபாவிடம் பால் பூத்தில் கிடைத்தது என்றார். அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அவளே பக்கத்து வீட்டுக்கும் குரல் கொடுத்துவிட்டாள்.

நஞ்சுண்டசாமி ஓடிவந்தார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. பலகையைப் பார்த்து, "ஆய்த்தல்லப்பா! முடிஞ்சுதே!" என்று செந்தில்நாதனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். "எங்கிங்ண்ணா கிடைச்சுது?"

"பால் பூத்ல."

"ஒன்பது வருஷம்! ஒன்பது வருஷம் காத்திருந்து வந்திருக்குது பாருங்க." பிறகு சட்டைப் பையில் கையை விட்டு ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே இன்னொரு எச். "இதை எத்தனை நாளா வெச்சுக்கிட்டே சுத்தறேன் தெரியுங்களா? ரெண்டாவது ஒண்ணு விழுந்துச்சு. உங்களுக்குத்தான்னு எடுத்து வெச்சேன். சும்மா குடுத்தா வாங்கமாட்டீங்க, சட்டம். சரி, ஞாயித்துக்கிழமை நீங்க பஸ்ல ஏறுவீங்க, டிக்கெட் மீதியில சேத்துக் குடுத்துடலாம்னு பாத்தேன். மூணு ஞாயிறா நீங்க மலைக்கே வரலீங்களே!"

செந்தில்நாதன் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இப்ப அவசியமில்ல. ஓடட்டும் இது" என்று நஞ்சுண்டசாமி காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, காசைக் காக்கிப் பையில் விட்டுக்கொண்டார். மறுநாள் காலை முதல் ட்ரிப்பிலேயே அது யாருக்கோ மீதிச் சில்லறையாகப் போய்விட்டது.

மூன்று ஞாயிறு. அதில் ஏதாவது ஒன்றில் ஏறியிருந்தால் போதும். சட்டப்படி, மீதிக் காசாக, அவர் கையில் அது விழுந்திருக்கும். யாருடைய முகத்தைப் பார்க்கக் கூசி அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தாரோ அந்த மனிதர் அத்தனை நாளும் காசை மடித்து வைத்துக்கொண்டு பஸ் வாசலில் நின்று தேடியிருக்கிறார். வெட்கம் வந்திருக்க வேண்டும், வந்தது. ஆனால் அதற்கும் முன்னால் வந்தது பொறாமைதான். எப்படி ஒரு மனுஷனால் இப்படி இருக்க முடிகிறது? காசு போகட்டும், அந்தக் குணமும் சுவருக்கு அந்தப் பக்கம்தானா?

அடுத்த ஞாயிறு மலை பஸ்ஸில் ஏறினார். நல்ல கூட்டம். நஞ்சுண்டசாமி நெரிசலுக்குள் நீந்தி வந்தபோது, செந்தில்நாதன் முதல்முறையாகச் சரியான சில்லறை கொடுத்தார்: மூன்று ஒற்றை ரூபாய். மேலே இருந்தது தேய்ந்த எழுபத்தெட்டு. நஞ்சுண்டசாமி பார்க்காமலே பையில் போட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "முந்தே ஹோகி, முந்தே" என்று நிற்பவர்களை முன்னால் போகச் சொல்லிக்கொண்டே நகர்ந்தார்.

"நஞ்சுண்டசாமி! அந்தக் காசைப் பாருங்க."

"எந்தக் காசுங்ண்ணா?"

"இப்பக் குடுத்தேனே. பையில தேடுங்க. எழுபத்தெட்டு."

பஸ் வளைவில் சாய்ந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு செந்தில்நாதன் சத்தமாகவே சொன்னார், இல்லாவிட்டால் அந்த இரைச்சலில் கேட்காது. "எங்கிட்ட ரெண்டு இருந்துச்சு. இல்லேன்னு சொன்னேன். பொய்."

பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நஞ்சுண்டசாமி பையைக் கிளறி அந்த நாணயத்தை எடுத்து, கண்ணருகே பிடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தன் ரூபாய் ஒன்றை எடுத்துப் பையில் போட்டார்.

"தெரியுங்களே. ஹம்ஸா சொன்னா."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டு? உங்களுக்கு என்மேல வயித்தெரிச்சல்னு நம்ம லைன்ல குழந்தைக்குக்கூடத் தெரியும். எரியறது அடங்கினா தானா குடுப்பீங்கன்னு விட்டுட்டேன்." அவர் சிரித்த சிரிப்பில் பின் சீட்டுக்காரர்கள்கூடத் திரும்பினார்கள். "அடங்குச்சுங்களா?"

"இல்ல" என்றார் செந்தில்நாதன். உண்மையைச் சொல்லத் தொடங்கியாயிற்று, அதையும் சொல்லிவிட்டார்.

"அது போகட்டும். டிக்கெட், டிக்கெட்! யாரு இன்னும் எடுக்கலே?"

பால் பூத் பொய்யை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. வாய்வரை வந்தது, பஸ் மலை உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கடைசிக் குழியிலிருந்த நாணயத்தை எடுத்தார். மறுநாள் பால் வாங்க அதையே கொடுத்தார். ரூபா வெறும் குழியைப் பார்த்துக் கேட்டபோது அவளிடம் மட்டும் உள்ளதைச் சொன்னார். அவள், "இருபது ரூபாய்க்குக் கத்தரிக்கா வாங்கியிருக்கலாம்" என்றாள். பிறகொரு நாள் காபிக்கு வந்த நஞ்சுண்டசாமியின் கண்ணும் அந்தக் குழியில் ஒரு நொடி நின்றது.  காபியில் சர்க்கரை தூக்கல் என்று மட்டும் சொன்னார்.

ஹம்ஸாவின் கடைசி வட்டம் நிரம்பிய அன்று சுவருக்கு அந்தப் பக்கம் எழுந்த கூவலுக்குச் செந்தில்நாதனும் போய்ச் சேர்ந்துகொண்டார். கௌரம்மா பாயசம் கொடுத்தாள். முப்பத்தெட்டும் இருந்த அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். எரிச்சல் இன்னும் அடங்கியிருக்கவில்லை. ஆனாலும் இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தார்.

அந்த வருஷம் தசரா முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் ஹம்ஸாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று அந்த வீட்டுக்குப் போனவர், சுவரில் ஆணியில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். வட்டங்கள் எல்லாம் காலி. பிளாஸ்டிக் தாள் கிழிந்து தொங்கியது.

"ஐயோ! திருடு போச்சா?"

நஞ்சுண்டசாமி பனியனோடு உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இல்லீங்ண்ணா. விஜயதசமி அன்னிக்கு எல்லாரும் நோட்டு, நோட்டு, நோட்டு. சில்லறை சுத்தமா இல்ல. கிளம்பறப்பவே தெரியும், இன்னிக்கு அடிதடி ஆகும்னு. இதைப் பிச்சுப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டேன். நல்லவேளை, ரெண்டு ட்ரிப்புக்கு ஆச்சு."

"எல்லாத்தையுமா?"

"சேத்து முடிச்சாச்சு. ஹம்ஸாவும் பாத்துட்டா. ஸ்கூல்லயும் காட்டிட்டா."

"எச்?"

"அதுவும்தான்."

செந்தில்நாதன் சுவரில் சாய்ந்துகொண்டார். அந்த மனிதரின் பையைப் பார்த்து எரிந்திருக்கிறார், அதிர்ஷ்டத்தைப் பார்த்து, குணத்தைப் பார்த்து. இப்போது வந்தது எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. முப்பத்தெட்டையும் சேர்த்து, முப்பத்தெட்டையும் கிழித்துக் கொட்டிவிட்டு, இவரால் ராத்திரி தூங்க முடிகிறது. ஹம்ஸா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நஞ்சுண்டசாமி" என்றார் செந்தில்நாதன். "அந்த எச் காசை எந்த ட்ரிப்புல குடுத்தீங்கன்னு ஞாபகம் இருக்கா? போற வழியிலயா, வர்ற வழியிலயா?"